எந்தக் கதவைத் தட்டுவது?

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரின் திருப்பெயரிலிருந்து பிறந்தது என்பது நம் வடசென்னை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. விண்ணக அரசின் திறவுகோல்களை ஏந்திய அத்திருத்தூதரின் பெயர் தாங்கிய ஊரில் வாழும் கல்மண்டபத்து மக்களுக்கு ஒரு குறை உண்டு. வீட்டுத் தலைவர் கண்மூடியபின், அவர் வியர்வை சிந்திச் சேர்த்த சிறு பொருளைத் திறக்கும் சாவி எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

சென்ற ஆண்டு கல்மண்டபத்தில் ஒரு தாயைச் சந்தித்தோம். கணவர் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து, மூன்றாண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தவர். அத்தாயின் மஞ்சள் பையில் நான்கு பொருள்கள் இருந்தன: வங்கி வைப்பு இரசீது ஒன்று, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்று, வருங்கால வைப்பு நிதிச் சீட்டு ஒன்று, தாம் வாழும் வீட்டுப் பகுதியை மனைவிக்கு எழுதிவைத்த, அண்டை வீட்டார் இருவர் சாட்சிக் கையெழுத்திட்ட உயில் ஒன்று. மகளோ செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் “சர்டிபிகேட் கொண்டுவாருங்கள்” என்றார்களாம். பல நாள் அலைந்து ஒரு சான்றிதழைப் பெற்றுச் சென்றால், “இது அன்று, கோர்ட்டில் வாங்குவது” என்றார்களாம். இறுதியில் தரகர் ஒருவர், “ஹைகோர்ட்டில் புரொபேட் வாங்காமல் ஒரு காசும் கைக்கு வராது, வருவதில் நாலில் ஒரு பங்கு எனக்கு” என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்.

“பணம் இல்லை என்று எவரும் சொல்லவில்லை, ஐயா. இங்கே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்லுகிறார்கள்” என்றார் அத்தாய்.

நற்செய்தியில் நேர்மையற்ற நடுவரை விடாது நாடிச்சென்ற கைம்பெண்ணை நாம் அறிவோம். அவளுக்கு ஒரு நற்பேறு இருந்தது. தன் வழக்கைக் கேட்க வேண்டிய நடுவர் யார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நம் கல்மண்டபத்துக் கைம்பெண்ணுக்கோ விடாமுயற்சியில் குறைவில்லை. தட்ட வேண்டிய கதவுதான் தெரியவில்லை. அக்கதவுகளைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கேள்விகள்

மறைந்தவரின் உடைமைகள் அனைத்தையும் ஒருசேர விடுவிக்கும் அலுவலகம் நம் நாட்டில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்துவைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இப்பொருள் யாது? இதை இன்று தம் பொறுப்பில் வைத்திருப்பவர் யார்? அவர் சட்டப்படி கேட்கக்கூடிய தாள் எது? இம்மூன்றுக்கும் விடை கண்டபின்னரே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும்.

சான்றிதழ் என்பது ஒன்றன்று

“சர்டிபிகேட்” என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு தாள்களைக் குறிப்பதே குழப்பத்தின் ஊற்று. அவற்றைப் பிரித்தறிவோம்.

முதலாவது, இறப்புச் சான்றிதழ். இதைத் தருவது மாநகராட்சி. பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு இதற்கு ஈடாகாது. எனினும் நம் கோயில்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உறவை நிறுவுவதற்குப் பெருந்துணை புரியும். பெயர் எழுத்துகள் ஆவணத்துக்கு ஆவணம் மாறுபட்டிருந்தால் அப்பதிவேடுகளின் நகலைக் கேட்டுப் பெறுவது நன்று.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இதை வழங்குபவர் வட்டாட்சியர். விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலேயே பதியலாம். மறைந்தவரின் வாரிசுகள் யாவர் என்பதை மட்டுமே இது கூறும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கூறாது.

மூன்றாவது, இறங்குரிமைச் சான்று. வழக்கறிஞர்கள் சக்சஷன் சர்டிபிகேட் என்பது இதனையே. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் வழங்குவது இது. மறைந்தவருக்கு வரவேண்டிய கடன், வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கே உரியது. வீட்டுக்கும் நிலத்துக்கும் இது தேவைப்படுவதில்லை. மறைந்தவர் இறுதியாக எந்த எல்லைக்குள் வாழ்ந்தாரோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்.

நான்காவது, புரொபேட் எனப்படும் உயில் மெய்ப்புச் சான்று. இவ்வுயில் மெய்யானதே என்று நீதிமன்றம் தன் முத்திரையிட்டு, உயிலை நிறைவேற்றுமாறு அதில் குறிக்கப்பட்டவருக்கு அதிகாரம் அளிப்பது. அத்தகையவர் எவரும் குறிக்கப்படாவிடின், உயிலை இணைத்த நிர்வாக அதிகாரப் பத்திரம் வழங்கப்படும். கல்மண்டபத்தார்க்கு இதற்குரிய இடம், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரிஜினல் சைடு எனப்படும் மூலவழக்குப் பிரிவு.

கிறிஸ்தவர்க்குப் புரொபேட் கட்டாயமா?

இவ்வினாவுக்குப் பழைய விடையையே இன்றும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, புரொபேட் பெறாத உயிலைக்கொண்டு நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட இயலாது என்றது. இந்து மக்களைப் பொறுத்தமட்டில், சென்னை, மும்பை போன்ற நகர எல்லைகளோடு தொடர்புடைய உயில்களுக்கே இது பொருந்தியது. இந்தியக் கிறிஸ்தவர்க்கோ நாடெங்கும் பொருந்தியது. கிளாரன்ஸ் பயஸ் என்பாரும் பிறரும் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 2002இல், பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இந்தியக் கிறிஸ்தவர்க்கு விலக்களித்தது. 2025 டிசம்பரில் 213ஆம் பிரிவே நீக்கப்பட்டுவிட்டது.

எனவே, “புரொபேட் இல்லாமல் ஒரு காசும் வராது” என்று தரகர் சொன்னது அத்தாயின் குடும்பத்துக்கு 2002 முதலே பொருந்தாத கூற்று. உயிலின் உண்மையை எவரேனும் மறுக்கும்போதோ, சொத்து பலரிடம் சிக்கிக் கிடக்கும்போதோ, விரும்பிப் புரொபேட் பெறுவதற்குத் தடையில்லை. சில வேளைகளில் அதுவே அறிவுடைமையும் ஆகும். ஆனால் தேவையையும் கட்டாயத்தையும் ஒன்றாக்கி ஏழையின் பணத்தில் கைவைப்போரிடம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

உயிலே இல்லாவிடின் என்ன செய்வது? அதே சட்டப்படி, மனைவியும் மக்களும் இருக்கும் கிறிஸ்தவர் ஒருவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்கு. மகன் என்றும் மகள் என்றும் வேற்றுமையில்லை. திருமணத்தின்போது சீர் செய்தாயிற்று என்று கூறி மகளின் பங்கை மறுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. மறுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு என்பதை நாம் நாணத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வங்கிப் பணம் எங்கே போயிற்று?

கல்மண்டபத்திலிருந்து தெற்கே வந்தால் இராஜாஜி சாலை. துறைமுகத்தை ஒட்டிய அச்சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பெரிய தபால் அலுவலகம், ரிசர்வ் வங்கி ஆகியவை உள்ளன. சற்றே உள்ளே திரும்பினால் உயர் நீதிமன்றம். கேட்பாரற்ற பணமெல்லாம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது என்று கேள்வியுற்று அதன் வாயிலில் நேரே சென்று நிற்பவர் உண்டு. செய்தி மெய்யே, சென்று நிற்கும் வாயில்தான் தவறு.

பத்தாண்டுகள் இயக்கப்படாத சேமிப்புக் கணக்கின் பணமும், முதிர்வு நாள் கடந்து பத்தாண்டுகள் கேட்கப்படாத வைப்புப் பணமும், 2014ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. ஆயினும் அப்பணத்தின் மீதுள்ள உரிமை அழிவதில்லை. கேட்க வேண்டிய இடம் பழைய வங்கியே. அவ்வங்கி உரியவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அந்நிதியிலிருந்து தான் பெற்றுக்கொள்ளும்.

எந்த வங்கியில் பணம் இருந்தது என்பதே தெரியாதவர்க்கு, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ என்னும் இணையத்தளம் உதவும். மறைந்தவரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றுள் ஒன்றைக் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். ஆனால் தேடுவது மட்டுமே அங்கே இயலும். பணம் கேட்க வங்கிக் கிளைக்குத்தான் செல்ல வேண்டும்.

இனி, இரசீதில் உள்ள வங்கியின் பெயர்ப்பலகையே ஊரில் காணப்படாவிடின்? பெயர் மறைந்தாலும் பொறுப்பு மறைவதில்லை. தஞ்சாவூர் வங்கி 1990இல் இந்தியன் வங்கியோடும், மதுரை வங்கி 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடும், பாரத் ஓவர்சீஸ் வங்கி 2007இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடும் இணைந்தன. 2020இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், இலட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடும் சேர்க்கப்பட்டன. இணைத்துக்கொண்ட வங்கியே இன்று விடை சொல்லக் கடமைப்பட்டது. நம் தாயின் வைப்பு இரசீதும் இத்தகையதே. பழைய பெயரைத் தேடி மூன்று மாதம் அலைந்திருக்கிறார்.

எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் நீதிமன்றச் சான்று வேண்டும் என்பதும் தவறான எண்ணம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த நெறிகளின்படி, நியமனதாரர் குறிக்கப்பட்ட கணக்குக்கு இறங்குரிமைச் சான்றோ புரொபேட்டோ கேட்கலாகாது. நியமனம் இல்லாவிடினும், சச்சரவற்ற நேர்வுகளில், வணிக வங்கியாயின் 15 இலட்சம் ரூபாய் வரையும், கூட்டுறவு வங்கியாயின் 5 இலட்சம் ரூபாய் வரையும் எளிய முறையிலேயே தீர்க்க வேண்டும். தேவையான தாள்கள் அனைத்தும் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்டுப் பெற மறவாதீர்.

ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். வங்கியில் நியமனதாரராக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே அன்றி, அதன் உரிமையாளர் அல்லர். நியமனத்தால் மட்டும் வாரிசுகளின் உரிமை மறைந்துவிடாது என்பதை 1984ஆம் ஆண்டில் சர்பதி தேவி வழக்கிலும், பங்குப் பத்திரங்களைக் குறித்து 2023ஆம் ஆண்டில் வேறொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், நியமனம் பெற்ற பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோர்க்குக் கூடுதல் உரிமை உண்டு.

ஆலையும் கப்பலும் காப்பீடும்

எண்ணூர் முதல் பெரம்பூர் வரை ஆலைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எண்ணற்றவை. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டதுபோல் ஆலை மூடப்பட்டிருந்தாலும், தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதி அதனோடு மூடப்பட்டுவிடுவதில்லை. தொழிலாளர் மறைந்தால் அவர் குடும்பம் மூன்றைக் கேட்க வேண்டும்: சேர்ந்துள்ள வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம், 1976ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வைப்புடன் இணைந்த காப்பீடு. முதலாவதை மட்டும் பெற்றுக்கொண்டு, மற்ற இரண்டையும் அறியாது விட்டவர் பலர். ஆலை எந்த மண்டல வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின்கீழ் இருந்தது என்பதைச் சந்தா எண்ணைக் கொண்டு அறியலாம். சில பெரிய நிறுவனங்கள் வைப்பு நிதியைத் தம் சொந்த அறக்கட்டளை வழியே நடத்தின. அங்கே வைப்பு நிதியை நிறுவனத்திடமும், ஓய்வூதியத்தை அரசு அலுவலகத்திடமும் கேட்க வேண்டும்.

துறைமுகத் தொழிலாளரின் குடும்பம் நாட வேண்டியது, 2021 முதல் சென்னைத் துறைமுக ஆணையம் என வழங்கும் முன்னாள் போர்ட் டிரஸ்டை. வெளிநாட்டுக் கப்பல்களிலும் நம் நாட்டுக் கப்பல்களிலும் உழைத்தவர் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாலுமிகள் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருந்தவராயின், அதன் அலுவலகம் மும்பையில் உள்ளது. தபாலிலேயே எழுதிக் கேட்கலாம்.

காப்பீட்டு நிறுவனத்தில் பத்தாண்டுகள் கேட்கப்படாத தொகை முதியோர் நல நிதிக்குச் செல்லும். அதன் பின்னும் 25 ஆண்டுகள் வரை கேட்கும் உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடம் காப்பீட்டு நிறுவனமே. நிறுவனப் பங்குகளில் ஏழாண்டுகள் பெறப்படாத ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அதைத் திரும்பப் பெற, முதலில் நிறுவனத்தை அணுகிப் பின் அந்நிதி ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

உயிலும் இன்றி, வாரிசும் இன்றி ஒருவர் மறைந்தால், அவர் சொத்து அரசமைப்புச் சட்டத்தின் 296ஆம் பிரிவுப்படி அரசைச் சேரும். பொறுப்பேற்பார் இல்லாத சொத்தைக் காத்து நிர்வகிக்க, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அட்மினிஸ்டிரேட்டர் ஜெனரல் என்னும் அதிகாரி இருக்கிறார். தொலைவிலுள்ள உறவினர் ஒருவர் தனித்து மறைந்தார் என்று அறிந்தால், அவ்வலுவலகத்தையும் விசாரிக்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்போருக்கு

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்கள் அனைவரும், அவர்தம் வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். நாலில் ஒரு பங்கைத் தரகருக்கு எழுதிக்கொடுக்கும்முன் இவ்வெண்ணை ஒருமுறை அழைத்தல் நன்று.

இருப்பவர் செய்ய வேண்டியது

இத்துணை அலைச்சலும் ஒரே ஒரு தாளால் பெரிதும் குறையும் என்பதே நாம் கண்ட உண்மை. எந்த வங்கி, எந்தக் காப்பீடு, எந்த வைப்பு நிதி, எவ்வெண், நியமனதாரர் யார் என்று ஒரு தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லிவைத்தல் வேண்டும். “சாவைப் பற்றி இப்போது என்ன பேச்சு?” என்று தட்டிக்கழிப்பது அன்பாகாது.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். அவர்களுள் ஒருவருக்கோ அவர்தம் வாழ்க்கைத் துணைக்கோ உயிலில் எதுவும் எழுதியிருந்தால், கிறிஸ்தவரைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது. உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் நீங்கிவிடும். புதிதாய் எழுத வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும் சார்பதிவாளரிடம் பதிந்தால் அது மூன்றாம் புத்தகத்தில் ஏறிவிடும். எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அதன் நகலைப் பிறர் பெற இயலாது. அவர் மறைந்தபின் உரியவர் பெறலாம். உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கவும் வழியுண்டு.

அறப்பணிக்கோ கோயிலுக்கோ எழுத விரும்புவோர்க்கு முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்புக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, ஆறு மாதத்துக்குள் அதை முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும் என்றது 118ஆம் பிரிவு. அருள்தந்தை ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. ஆயினும் மனைவி மக்களுக்கு உரியதைச் செய்தபின்னரே பிறருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பங்குக்கு ஒரு வேண்டுகோள்

நவம்பர் மாதத்தில் மரித்த விசுவாசிகளுக்காகக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறோம். அம்மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின், கோயில் வளாகத்தில் ஒரு மேசை போட்டால் என்ன? நம் பங்குகளில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் உண்டு. பதிவுத்துறையிலும் துறைமுகத்திலும் பணியாற்றியவர் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் உண்டு. இறந்தோரின் தாள்களைப் பார்த்து, “அம்மா, இதற்கு இந்த அலுவலகம், இந்தத் தாள்” என்று அவர்கள் சொன்னால், மறைந்தவர்களுக்கு நாம் செய்யும் கடமையில் அதுவும் ஒரு பகுதியாகும்.

கல்மண்டபத்துத் தாய் தரகரின் தாளில் கையெழுத்திடவில்லை. பழைய வங்கியை இணைத்துக்கொண்ட வங்கியில் வைப்புப் பணம் கிடைத்தது. மகளின் அவ்வாண்டுக் கட்டணமும் கட்டப்பட்டது. காப்பீட்டுத் தொகையும் வந்துவிட்டது. குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், கணவரின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் திரும்பிவந்தது. திருமணப் பதிவேட்டு நகலுடன் மீண்டும் அனுப்பியிருக்கிறார். வீட்டுப் பகுதியைக் குறித்துக் கணவரின் தம்பி ஏதோ முணுமுணுப்பதாகச் சொன்னார். அது வளருமாயின், தம் விருப்பப்படியே உயர் நீதிமன்றத்தில் புரொபேட் கேட்கப் போவதாகவும், சட்ட உதவி அலுவலகத்தில் அதற்கு விவரம் கேட்டுவந்துவிட்டதாகவும் கூறினார்.

அப்போது அவர் குரலில் பழைய கலக்கம் இல்லை. செல்ல வேண்டிய வாயில் எது என்பதை அவர் அறிந்துவிட்டார்.